என் அலமாரியில் குடியிருக்கும் சர்வர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தியிடமும் வேண்டாம். சித்திக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும், அப்புறம் நான் உங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். போர்வைக்குள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தட்டுகிறேன். பயத்தில் எனக்குக் குளிர்கிறது.

நீங்களும் அப்பாவும் பேச்சை நிறுத்தக் காரணமான அந்த டேட்டாபேஸ் சர்வர் இப்போது என் துணி அலமாரியில் இருக்கிறது. அப்பா தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்தும் இணையதளங்கள் நீங்கள் வேலை பார்க்கும் டேட்டா சென்டரில்தானே இருக்கின்றன, அவர்களுடைய முன்பதிவுகள் அடங்கிய டேட்டாபேஸையும் பக்கத்திலேயே வைக்கலாம் என்றீர்கள். "பெத்த பிள்ளைய அடுத்தவன் வீட்டுல தூங்க வெப்பியாடா?" என்று அப்பா கேட்டார். முதலில் அதைக் கூடத்தில் வைத்தார். வந்தவர்கள் எல்லாம் அதன்மேல் காபி டம்ளரை வைத்தார்கள். சமையலறைக்கு மாற்றினார், அம்மா இஸ்திரிப் பெட்டிக்காக ஒயரைப் பிடுங்க, டிரைவிங் ஸ்கூல்காரரின் முன்பதிவெல்லாம் காணாமல் போய், அவர் எங்கள் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் என் அறை. மின்விசிறிகூட அதைப் பார்த்துத்தான் சுற்றுகிறது. எனக்கு வேர்க்கிறது என்றேன். "உனக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம். அதுக்கு வேர்த்தா நம்ம எல்லாருக்கும் வேர்க்கும்" என்றார்.

ஆனாலும் அப்பாவைக் குறைவாக நினைக்காதீர்கள். அதன் விளக்கு லேசாக நிறம் மாறினாலும் எழுந்து ஓடிவருவார். "நம்மள நம்பிக் குடுத்திருக்காங்கம்மா" என்பார்.

சிக்கல் வேகத்தில்தான். யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால், உங்கள் ஊரிலிருந்து கேள்வி கிளம்பி என் பாவாடைகளுக்கு நடுவே வந்து பதில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அப்பாவின் முதல் வாடிக்கையாளரான பல் டாக்டர் போன் செய்து, "பக்கம் திறக்குறதுக்குள்ள பேஷன்ட்டுக்குப் பல்லு தானா விழுந்துடுது சார். நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார். அன்று அப்பா சாப்பிடவே இல்லை. பிறகு, "இணையதளங்களையும் இங்கயே கொண்டாந்துட்டா சரியாயிடும்" என்று டேப்பை எடுத்துவந்து என் கட்டிலை அளந்தார்.

அதற்குமேல் நான் என்ன செய்வேன்? அண்ணன் மனசு மாறினால் இருக்கட்டும் என்று அங்கே காலியாக வைத்திருந்தீர்களே, அந்த இடத்துக்கு, லீவில் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, டேட்டாபேஸ் முழுவதையும் மாற்றிவிட்டேன். அப்பாவின் கடவுச்சொல் என் பெயர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன். ஒரு பதிவுகூடத் தொலையவில்லை. தற்பெருமை என்று நினைக்காதீர்கள், எங்கள் வகுப்பில் வேறு யாராலும் இது முடியாது.

இப்போது பக்கங்கள் பறக்கின்றன. பல் டாக்டர் கூப்பிட்டுப் பாராட்டினார். "பாத்தியா, வீட்டோட இருந்தா அதுக்கே ஒரு பொறுப்பு வந்துடுது!" என்று அப்பா நேற்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அதோடு விட்டாரா? நாளைக்கு டாக்டரை வீட்டுக்கு அழைத்திருக்கிறார். "அவர் கண்ணெதிர ஒயரப் பிடுங்குவேன், தளம் நிக்கும். சொருகுவேன், ஓடும். உசிரு எங்க இருக்குன்னு பாக்கட்டும்!"

இங்கே பிடுங்கினால் தளம் நிற்காதே சித்தப்பா! முதல் வாடிக்கையாளர் முன்னால் அப்பா தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் நான் மிஸ்டு கால் கொடுத்ததும் அங்கே டேட்டாபேஸை நிறுத்துங்கள். மறுபடி கொடுத்ததும் ஓட விடுங்கள். இந்த ஓர் உதவிக்கு ஆயுள் முழுக்க நன்றியோடு இருப்பேன். சித்திக்கு என் அன்பு. காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: மிஸ்டு கால் வேண்டாம். அலமாரியை இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. ஒயர் பிடுங்கி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறது; அப்பா மட்டும்தான் அப்படிச் சுருட்டுவார். நான் டியூஷன் போயிருந்தபோது ஒத்திகை பார்த்திருக்கிறார், தளம் நிற்கவில்லை! அதனால்தான் இன்று சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி என் கட்டில் பக்கம் திரும்பியிருக்கிறது. எனக்குக் குளிர்ந்தது பயத்தால் இல்லை. சித்தப்பா, கதவைத் தட்டுகிறார். "வெளிச்சம் தெரியுது. உன் சித்தப்பனுக்குத்தான எழுதுற? நாளைக்கு அவனும் வரட்டும். டாக்டர்கிட்ட பெட்டியக் காட்டப் போறதில்ல, எம்பொண்ணத்தான் காட்டப் போறேன்னு எழு...