துப்பாக்கிக்குத் தண்ணீர் வைத்த நாடு

தும்பைமேடு என்றொரு நாடு. வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், கிடைக்காது. அந்த நாட்டின் அரசுச் சின்னம் மைனா. மைனாவுக்கென்று ஒரு சட்டமும் இருந்தது: அதை யாரும் விரட்டக் கூடாது, தோட்டத்தில் இறங்கினால் எடுத்ததை எடுத்துக்கொண்டு போக விட வேண்டும், வாசலில் அதற்குத் தண்ணீர்ச் சட்டி கட்டி, வேளைக்குத் தானியம் போட வேண்டும், ஒரு வீட்டில் கூடு கட்டிவிட்டால் வீட்டுக்காரர்கள்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மைனா என்ன பெரிதாகத் தின்றுவிடப் போகிறது? ஜனங்கள் சிரித்துக்கொண்டே கடைப்பிடித்தார்கள்.

மன்னர் வஜ்ரகேசரிக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆளைக் கண்டதும் பறந்து ஓடும் பறவை ஒரு வீர நாட்டுக்கு அழகா? சபையைக் கூட்டி, இனி அரசுச் சின்னம் துப்பாக்கி என்றார். ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. எதிர்க்கட்சி கொதித்தெழுந்தது. ஒற்றைக்குழல் துப்பாக்கியா, இரட்டைக்குழலாக இருந்தால்தான் ஏற்போம் என்று முழங்கிவிட்டு வெளிநடப்பு செய்தது. துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை.

ஆணை எழுத வேண்டியவர் சின்னங்கள் இலாகாவின் தலைமை எழுத்தர் பரமேட்டி. அந்த இலாகாவில் புதிதாக ஒரு வரி எழுதிய ஆள் முப்பது வருஷமாகக் கிடையாது. பழைய ஆணையை எடுத்தார், மைனா என்றிருந்த இடத்தையெல்லாம் அடித்துத் துப்பாக்கி என்று எழுதினார், முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். மன்னர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துப் போடும் வழக்கம் அந்த அரண்மனையில் இல்லை.

மறுநாளே வீட்டுக்கு வீடு துப்பாக்கிக்குத் தண்ணீர்ச் சட்டி தொங்கியது. கணக்கெடுக்க வந்தவர்கள் துப்பாக்கியைத் தேடி மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார்கள். அரண்மனைக் காவலர்கள் தங்கள் துப்பாக்கிகளுக்கு வேளாவேளைக்குக் கம்புத் தானியம் போட்டதில், ஒன்று பாக்கியில்லாமல் குழல் அடைத்துக்கொண்டது.

இந்தக் கூத்தெல்லாம் மோர்க்காரி அஞ்சுகத்துக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, வீச்சுமுத்து வரும்வரை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு எருமை, அதற்கு இரண்டு மாதக் கன்று. மோர் விற்றால்தான் அடுப்பு எரியும். வீச்சுமுத்து ஊரறிந்த திருடன், அவளிடமே இரண்டு முறை துடைப்பத்தால் வாங்கியவன். அன்று காலையில் தோளில் ஒரு பழைய துப்பாக்கியோடு வந்தான். அது வெடித்து இருபது வருஷம் இருக்கும். நேரே போய் எருமையை அவிழ்த்தான்.

அஞ்சுகம் துடைப்பத்தை எடுத்தாள். பக்கத்து வீட்டுச் சொர்ணாத்தா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ போடுடி அதை. துப்பாக்கியை வெரட்டினா ஆறு மாசம் உள்ள தள்ளிருவாங்க."

தெருவே எழுந்து நின்று கும்பிட்டது. வீச்சுமுத்துவுக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. எருமை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போயிற்று. அஞ்சுகம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு இலாகாவுக்கு ஓடினாள்.

"ஐயா, வீச்சுமுத்து என் எருமையை ஓட்டிட்டுப் போயிட்டான்யா."

"கையில என்ன வச்சிருந்தான்?" என்று கேட்டார் பரமேட்டி.

"துப்பாக்கிங்க."

பரமேட்டி எழுந்து நின்று ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அப்போ வந்தது துப்பாக்கிம்மா. அவன் வெறும் கிளை, அது உட்கார்ந்திருந்த கிளை. கிளை மேல எப்படி வழக்குப் போடறது?"

"கன்னு பாலில்லாம கத்துதுய்யா."

"மெதுவாக் கத்தச் சொல்லு. சின்னம் மிரண்டுடப் போகுது."

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அடுத்த ஆணை வந்துவிட்டது: அரசுச் சின்னத்துக்கு நூறடிச் சுற்றுவட்டத்தில் மனிதரோ கன்றோ அழக் கூடாது.

தடுக்க ஆளில்லை என்று தெரிந்தபின் வீச்சுமுத்து எதற்கு நிற்கிறான்? நாலு தெருவைக் காலி செய்துவிட்டு, எருமையையும் ஓட்டிக்கொண்டு அரண்மனைக்கே போனான். காவலர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். சிம்மாசனத்தில் ஏறி, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எறங்குடா கீழே," என்றார் மன்னர்.

பரமேட்டி ஆணையும் கையுமாக மூச்சிரைக்க வந்தார். "மன்னிக்கணும் மகாராஜா. கூடு கட்டிடுச்சு. நாமதான் ஒதுங்கணும்."

"எந்த மடையன்யா இப்படி ஓர் ஆணை போட்டது?"

"தாங்கள்தான். கையெழுத்து இருக்குங்களே."

மன்னர் ஒரு கையில் கிரீடமும் மறு கையில் செருப்புமாகப் பின்வாசல் வழியே வெளியேறினார். ஆளுங்கட்சி அதே மேசையைத் தட்டியது. எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது.

புது மன்னர் வீச்சுமுத்துவின் முதல் அறிவிப்பே ஊரைக் குளிர்வித்தது. ஏழை எளியவர்களுக்கு அரண்மனை வாசலில் தினமும் ஒரு சொம்பு மோர், இலவசம். தும்பைமேட்டில் இதுவரை எந்த மன்னரும் சொட்டுத் தண்ணீர் கொடுத்ததில்லை. ஜனங்கள் வாழ்க வாழ்க என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அஞ்சுகம் சாப்பிட்டு மூன்று நாளாகியிருந்தது. கன்று எழுந்து நிற்கவே தள்ளாடியது. சொம்பை எடுத்துக்கொண்டு சொர்ணாத்தாவோடு வரிசையில் நின்றாள். வாசலில் மேசை போட்டுப் பரமேட்டி உட்கார்ந்திருந்தார்.

"இது இல்லாதப்பட்டவங்களுக்கான திட்டம்மா. சொந்தமா எருமை வச்சிருக்கிறவங்களுக்குக் கிடையாது. பொய் சொன்னா தண்டனை உண்டு. உனக்கு எருமை இருக்கா?"

"ஐயா..." என்று ஆரம்பித்தாள் அஞ்சுகம்.

அவள் குரல் கேட்டதும் மதிலுக்குப் பின்னாலிருந்து எருமை கத்தியது. விடாமல் கத்தியது. பரமேட்டி காதில் விழாதவர் போலப் பேனாவைத் துடைத்தார்.

"சட்டுனு சொல்லுடி, தீர்ந்துடப் போகுது," என்று சொர்ணாத்தா முதுகில் இடித்தாள்.

"இல்லீங்க," என்றாள் அஞ்சுகம்.

பரமேட்டி அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, 'எனக்கு எருமை கிடையாது' என்று எழுதியிருந்த தாளில் அழுத்தினார்.