சம்பந்தியம்மா கேட்ட பெப்லம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அதாவது, இன்று காலை சம்பந்தியம்மாவின் போன் வரும்வரை நலமாக இருந்தோம்.

"வரவேற்புக்கு உங்க பொண்ணுக்குப் பெப்லம் இருந்தா எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஃபியூஸ் தெரியும், மீட்டர் தெரியும், பெப்லம் தெரியாது. அதைத் திருப்பி உங்களிடமே கேட்டால் பெண் வீட்டு மரியாதை என்ன ஆவது? "புதுசா வந்த காரா இருக்குமோ?" என்றாள் என் மனைவி, பாஸ்புக்கைத் தேடிக்கொண்டே. கார் கடைக்கு ஓடினேன். டை கட்டிய விற்பனையாளர் கண் இமைக்காமல், "அந்த மாடலுக்கு ஏகப்பட்ட கிராக்கி சார், இப்பவே புக் பண்ணிடுங்க" என்றார். ஒருவேளை மருந்தின் பேரோ என்று அலறியடித்து மருந்துக் கடைக்குப் போனால், "பெப்லமா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்கிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி, நம் பெண்ணுக்கு ஏதோ நோய் என்று நீங்கள் சந்தேகப்படுவதாக முடிவு கட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் ரத்தம் கொதித்தது. மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டு, "கல்யாணமும் வேணாம், உங்க மண்டபமும் வேணாம்" என்று கத்திவிட்டேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மகள் விஷயத்தைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்பா, அது சட்டையோட இடுப்புல சுத்தித் தைக்கிற சுருக்குத் துணிப்பா. அந்தக் காலத்துல கிரேக்கப் பொம்பளைங்க உடம்பு முழுக்கச் சுத்திக்கிட்ட உடுப்புக்கு பெப்லோஸ்னு பேரு. அதுலேர்ந்து வந்த பேருதான்."

ஏன் சம்பந்தி, உடம்பு முழுக்க இருந்த துணி தேய்ந்து தேய்ந்து இடுப்பில் ஒரு சாண் மிஞ்சியிருக்கிறது. பேர் மட்டும் தேயவில்லையே! சுருக்குத் துணி என்று சொல்லியிருந்தால் நான் மருந்துக் கடையில் நின்றிருப்பேனா? இனி எதைக் கேட்டாலும் அர்த்தத்தோடு சேர்த்துக் கேட்கும்படி சம்பந்தியம்மாவிடம் கண்டித்துச் சொல்லிவையுங்கள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு, கோபம் ஆறியதும், வணக்கங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: தோளுக்கு மேல் எட்டி இதைப் படித்த மகள் இப்போதுதான் வாயைத் திறக்கிறாள்: "பெப்லம் வேணும்னு அத்தைகிட்ட சொன்னதே நான்தாம்ப்பா. நான் கேட்டா திட்டுவீங்க, அவங்க கேட்டா மறுக்க மாட்டீங்கல்ல?" ஆகவே, மேலே கண்டிப்பாகத் தோன்றும் வரிகளையெல்லாம் வாழ்த்தாக வாசித்துக்கொள்ளவும். மண்டபத்தை மட்டும் தயவுசெய்து நீங்களே பேசி மீட்டுத் தாருங்கள். என் குரலைக் கேட்டாலே அவர் போனை வைத்துவிடுகிறார்.