மேல்வீட்டு விசில் ஆன்ட்டி

கீழ்வீட்டு அடுப்பை மாடியில் நின்றபடியே அணைக்கக்கூடிய ஒரே மனுஷி இந்தப் பூமியில் விசில் ஆன்ட்டிதான். ரிமோட் எல்லாம் கிடையாது. தொண்டை ஒன்றுதான்.

பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மென்ட்டுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாம் நாள், குக்கரில் துவரம்பருப்பை வைத்துவிட்டு லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். விசில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்து போய் அணைத்தேன். அரை மணி கழித்துத் திறந்தால், பருப்பு போட்டது போட்டபடி கல்லாகக் கிடந்தது. மறுநாளும் அதே கதை. அமெரிக்கத் தண்ணீரில் பருப்பு வேகாது போலிருக்கிறது என்று கோயமுத்தூருக்கு போன் போட்டு அம்மாவிடம் புலம்பினேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை, விசில் மட்டும் வருகிறது. அதுவும் மேலேயிருந்து.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். ஐம்பதை ஒட்டிய வயதில், நல்ல உயரமாக ஓர் அம்மாள் திறந்தார். ஜூலை மாத வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர்.

"ஏனுங்க ஆன்ட்டி, உங்க வீட்டு விசில்ல எங்க வீட்டுப் பருப்பு வேகவே மாட்டேங்குதுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தீவிரமாக யோசித்தார். "எத்தன விசில் வைப்ப?"

"மூணுங்க."

"நாளைலேர்ந்து ஏழு வச்சுக்க. நாலு என்னோடது."

அப்படித்தான் பழக்கமானோம். அவருடைய நிஜப் பெயர் எங்கள் காம்ப்ளெக்ஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் விசில் ஆன்ட்டி. சாதுவான அவர் கணவர், ஒரு பாவமும் அறியாமல், விசில் அங்கிள் ஆகிப்போனார்.

ஆன்ட்டி ஆப்பரா பாடகி. அவர் குரலின் ஜாதிக்குக் கொலராட்டுரா சொப்ரானோ என்று பெயர். பெண்குரல்களிலேயே மிக உயரத்துக்குப் போய், அங்கே நின்று பிருகா அடிக்கிற குரல். பாளையங்கோட்டையில் பிறந்து, சர்ச் கொயரில் வளர்ந்தவர். மற்ற பிள்ளைகளின் குரல் கேட்கவில்லை என்று கொயர் மாஸ்டர் அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திப் பாடவைத்தாராம். கெமிஸ்ட்ரி படித்து, கல்யாணமாகி, நியூ ஜெர்சியில் ஒரு மருந்து கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்துநாலு வயதில், சக ஊழியர் ஒருவரின் பிறந்தநாளுக்கு லேபிலேயே வாழ்த்துப் பாடியபோது ஒரு பீக்கர் உடைந்தது என்று அங்கிள் சொல்வார். உடையவில்லை, விரிசல்தான் என்று ஆன்ட்டி திருத்துவார். எப்படியோ, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஒரு பாட்டு டீச்சரின் முகவரியைக் கொடுத்தார். டீச்சர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்றாராம். லேபில் என்றாராம் ஆன்ட்டி.

அதற்குப் பிறகு பகலில் லேப், மாலையில் பாட்டு. இத்தாலிய வரிகளையும் ஜெர்மன் வரிகளையும் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தார். ஜெர்மன்காரர்கள் தொண்டையைச் செருமுகிற இடத்திலெல்லாம் அழகாக ஓர் ஆய்த எழுத்து இருக்கும். "நம்ம அக்கன்னாவுக்கு ஜெர்மன்காரன்தான் வேலை குடுத்தான்" என்பார்.

தொண்டையை அவர் பாதுகாத்த விதம் தனிக்கதை. கச்சேரி வாரம் என்றால் பேச மாட்டார். சின்ன வெள்ளைப் பலகை ஒன்று கழுத்தில் தொங்கும். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் நான் ஆசையாகச் செய்துகொண்டுபோன அரிசிம்பருப்புச் சோற்றை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பத்துப் பேர் நடுவில் பலகையில் எழுதி நீட்டினார்: "உப்பு கம்மி." இந்தியன் ஸ்டோரில் ஃப்ரீசர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பத்தடி தள்ளி நின்று, யாராவது தமிழ் முகம் தெரிந்தால், பலகையில் "பரோட்டா 2 பாக்கெட்" என்று எழுதிக் காட்டுவார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குக்கர் இல்லாத வெள்ளைக்காரர்களுக்கு வேறு பிரச்சினை. ஆன்ட்டி துண்டு துண்டாக வெட்டிப் பாடும் மேல் ஸ்வரங்கள், பேட்டரி தீர்ந்துபோன ஸ்மோக் அலாரம் கூவுவதுபோலவே இருக்கும். புகார் போய், மெயின்டனன்ஸ் ஆள் ஏணியோடு வந்து, ஒரே வாரத்தில் எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டு பேட்டரியையும் மாற்றினார். கடைசியாக ஆன்ட்டி வீட்டுக்குப் போனவர், ஏணியில் நின்றபடியே உண்மையைக் கண்டுபிடித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டாராம். அதன்பிறகு அலாரம் புகார் வந்தால், அது அலாரம் இல்லை, ஆர்ட்டிஸ்ட் என்று அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

நாற்பது நிமிட தூரத்தில் ஒரு சின்ன ஆப்பரா கம்பெனி. அங்கே கோரஸில் சேர்ந்து, ஆறேழு வருஷத்தில் ஆன்ட்டிக்கு முதல் தனிப் பாத்திரம் வந்தது. பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாகப் பதினாலு பேர் போனோம். மூன்று மணி நேரம் காத்திருந்தும் ஆன்ட்டி மேடைக்கு வரவே இல்லை. அவருக்குக் கொடுத்தது திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு பறவையின் குரல் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கிள் மெதுவாகச் சொன்னார். திரும்புகிற வழியெல்லாம் என் கணவர் முரளி, பறவை நல்லாத்தான் பாடுச்சு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு பெரிய பாத்திரத்துக்கு மாற்றுப் பாடகியாகப் போட்டார்கள். ஒரு ராணியின் வேஷம். மேலே ஏறி ஏறிப் போய், கடைசியில் ஆகாயத்தைத் தொடுகிற பாட்டு. கதாநாயகிக்கு உடம்பு முடியாமல் போனால் ஆன்ட்டி பாடலாம். அந்தக் கதாநாயகி ஒஹையோக்காரர். ஆரோக்கியமென்றால் அப்படி ஓர் ஆரோக்கியம். மூன்று வருஷம், ஒரு தும்மல் கிடையாது. எங்கள் காம்ப்ளெக்ஸில் சிலர் அவருடைய ஜலதோஷத்துக்காக வேண்டிக்கொண்டதாகக்கூடக் கேள்வி.

நான்காவது வருஷம், ஆன்ட்டியின் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு. ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். சில வாரம் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் வேண்டாம். உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரலை உச்ச ஸ்தாயிக்கு ஏற்றும் நரம்பு சரியாக அந்தக் கட்டியை ஒட்டி ஓடுகிறது. அது எப்படியாகும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த வருஷ நிகழ்ச்சிகள் முடிந்த மறு வாரத்துக்குத் தேதி குறித்தார்கள்.

கடைசி நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, ஒஹையோக்காரருக்குத் தொண்டை கட்டியது.

சேதி கேட்டு மாடிக்கு ஓடினேன். ஆன்ட்டி அடுப்பில் மிளகு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பெரிய ஃபிளாஸ்க் ஒன்று திறந்திருந்தது. தனக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அங்கிள் கார் சாவியோடு வாசலில் தலைகுனிந்து நின்றதைப் பார்த்துத்தான் புரிந்தது.

"ஆன்ட்டி, அவங்களுக்கா? இதுதானுங்க உங்களுக்கு இருக்கிற ஒரே சான்ஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவளுக்குத் தொண்டை கட்டிருக்குல்லா. பாடுறவளுக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" ஃபிளாஸ்க்கை மூடி இறுக்கினார். "என் தொண்டையையும் ஒருத்தர் கையில குடுக்கப் போறேன். இப்ப போயி இன்னொருத்தி தொண்டை கெடணும்னு உக்காந்திருக்க எனக்கு மனசு வரல."

ரசம் இரண்டு நாளில் நான்கு தடவை போனது. அதுதான் குணப்படுத்தியதா, ஒஹையோ ரத்தமா தெரியாது. ஞாயிறு மதியம் கதாநாயகி மேடையேறிப் பிரமாதமாகப் பாடினார். மாற்றுப் பாடகி மேடையின் ஓரத்தில், யாருக்கும் தேவைப்படாத ராணி உடையில், கடைசிவரை நின்றிருந்தார். அங்கிள் காரில் அழுதாராம். ஆன்ட்டி அவருக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாராம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், காம்ப்ளெக்ஸின் லாண்டரி ரூமில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிரையர்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஆன்ட்டி கூடையோடு வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துவைத்த துணிகள். ஒவ்வொன்றாக டிரையரில் போட்டுக்கொண்டே, தன்பாட்டுக்கு அந்த ராணியின் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். முணுமுணுப்பு மெல்லக் குரலானது. தரையும் சுவரும் டைல்ஸ் பதித்த அறை. குரல் எங்கும் போக வழியில்லாமல் எங்களைச் சுற்றியே நின்றது.

ஒரு சீனப் பெண்மணி தன் டிரையரின் கதவைத் திறந்துவிட்டார். அது நின்றது. பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதைத் திறந்தார். நானும் திறந்தேன். ஒவ்வொன்றாக எல்லா இயந்திரமும் அடங்க, ஆன்ட்டியின் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்த உச்சியைத் தொட்டு, அங்கேயே சின்னச் சின்னதாய்த் துள்ளி, இறங்கி வந்தது. கையில் அங்கிளுடைய பனியன் ஒன்று இருந்தது. அதை உதறி உள்ளே போட்டார். யாரும் கை தட்டவில்லை. சீனப் பெண்மணி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆன்ட்டி எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "துணியெல்லாம் ஈரமா இருக்கே, போட்டு விடுங்க" என்றார்.

கட்டி போய்விட்டது. குரலும் வந்தது. ஆனால் மேலே ஏற மறுத்தது. மூன்று மாதம் கீழே உட்கார்ந்து கேட்டேன். படிப்படியாக ஏறுவார், ஓர் இடத்தில் காற்று மட்டும் வரும். முதலிலிருந்து ஏறுவார். அதே இடம். நான் லேப்டாப் கீபோர்டில் கையை வைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன். ஒரு நாள் அவர் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, திரும்பி, தாழ்ந்த குரலில் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பாட்டைப் பாடத் தொடங்கினார். அன்று சாயங்காலம் மேலே போனேன்.

"மாடிய பூட்டியாச்சு," என்றார் அவரே. "பரவால்ல. கீழ வீடு பெருசாத்தான் இருக்கு. இத்தன வருஷம் நான் சரியா சுத்திப் பாக்கல."

மறு வருஷம் கம்பெனியில் அவருக்கு ஒரு வேஷம் கொடுத்தார்கள். ஒஹையோக்காரரே போய்க் கேட்டாராம். நாடகத்தில் ஆன்ட்டிக்கு அம்மா வேஷம். மொத்தம் எட்டு வரி. பழையபடி பதினாலு பேரும் போனோம். இந்த முறை திரைக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில், முழுசாக ஆன்ட்டி. சண்டை போட்டுவிட்டு அழுகிற மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த எட்டு வரியையும் அவசரமே இல்லாமல் பாடினார். ஆப்பரா என்றாலே தூங்கிவிடுகிற முரளி, "அவ்ளோதானா? இன்னும் கொஞ்சம் குடுத்திருக்கலாமே" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அங்கிளின் வேலை டெக்ஸாஸுக்கு மாறி, இப்போது அவர்கள் ரவுண்ட் ராக்கில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்ட்டி போன் பண்ணுவார். அங்கே அடிக்கிற வெயில், அங்கிளின் முட்டிவலி, புதிதாகச் சேர்ந்த சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர் செய்யும் அட்டகாசம் என்று ஒரு மணி நேரம் ஓடும். அவர் என்ன சொன்னார் என்பது பல வாரம் எனக்கு ஞாபகம்கூட இருப்பதில்லை. போனை வைத்த பிறகு, இன்னும் எதையாவது கேட்டு இரண்டு நிமிடம் பேசவைத்திருக்கலாமே என்று மட்டும் இருக்கும்.