எரியோட்டுக் குழாயில ஏறின தண்ணி

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எரியோடு பக்கத்துல ஒரு கிராமத்துக்குப் போய், தரையில நீட்டிக்கிட்டு நிக்கிற ஒரு இரும்புக் குழாயத் திறந்து, உள்ள நாடாவை விட்டு, தண்ணி எத்தனை அடியில கெடக்குன்னு பாக்கணும்.

அம்புட்டுத்தான். இதுக்காக எம்.எஸ்சி. ஜியாலஜி படிச்சிருந்தேன்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் மழை வரிசையா ஏமாத்துச்சே, அந்த சமயம். திண்டுக்கல்ல நிலத்தடி நீரை ஆராய்ச்சி பண்ற அரசாங்க ஆபீஸ்ல நான் தற்காலிக விஞ்ஞானி. தற்காலிகம்னா, சம்பளம் எப்ப வரும்னு எனக்கும் தெரியாது, குடுக்குறவங்களுக்கும் தெரியாது.

இதுல நிலக்கோட்டையில பொண்ணு வேற பாத்திருந்தாங்க. பொண்ணோட அப்பா பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருந்தவர். என் படிப்பு, குணம், ஜாதகம் எதையும் கேக்கல.

"வேலை பெர்மனென்ட்டா தம்பி?"

"ஆயிரும் மாமா"ன்னேன்.

ஆகுறதுக்கு எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் குழாய்தான்!

எங்க ஆபீஸ் ஊர் ஊருக்கு இந்த மாதிரி போர் போட்டு மூடி வச்சிருக்கும். குடிக்கவும் இல்ல, பாய்ச்சவும் இல்ல. சும்மா அளந்து பாக்குறதுக்கு. கண்காணிப்புக் கிணறுன்னு கம்பீரமா ஒரு பேரு. அந்த வறட்சியில மாவட்டம் முழுக்க தண்ணி பாதாளத்துக்குப் போய்க்கிட்டு இருக்கு. இந்த ஒரு குழாய்ல மட்டும் மாசா மாசம் ஏறுது!

எங்க ஆபீசர் கிராஃபைப் பாத்துட்டு நாற்காலிய விட்டே எந்திரிச்சுட்டார். "நம்ம தடுப்பணைய்யா! நாம கட்டுன தடுப்பணை வேலை செய்யுதுய்யா!"

அந்தத் தடுப்பணைக்குள்ள அப்ப ஆடுதான் படுத்துக் கெடந்துச்சு. ஆனா ஆபீசர் சொல்லிட்டா அது அறிவியல். நானும், "ஆமா சார், பாறை வெடிப்பு வழியா எறங்கி இங்க வருது சார்"னு கலர் பென்சில்ல படம் வரைஞ்சு, அம்புக்குறியெல்லாம் போட்டுக் குடுத்தேன். படம் மெட்ராஸுக்குப் போச்சு. பெரிய அதிகாரியே நேர்ல பாக்க வர்றார்னு பதில் வந்துச்சு.

"அவருக்குத் திருப்தின்னா உன் பெர்மனென்ட் ஃபைல்ல அங்கயே கையெழுத்து"ன்னார் எங்க ஆபீசர். "நீ முன்னாடி போய் அளந்து வச்சுட்டு நில்லு. நான் அவரைக் கூட்டிக்கிட்டு ஜீப்புல வாரேன்."

பஸ் ஏறினேன். என் கையில இருந்த பெரிய நாடாவைப் பாத்த கண்டக்டருக்குச் சந்தேகம்.

"சர்வேயரா? ரோட்ட அகலப்படுத்தப் போறீங்களா?"

"இல்லண்ணே, தண்ணி அளக்கப் போறேன்."

"இருந்தாத்தான அளக்க!" டிக்கெட்டக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுப் போயிட்டார்.

குழாய் இருந்தது பாக்கியம் அக்காவோட முருங்கைத் தோட்டத்து ஓரத்துல. பூட்டுச் சாவியும் அந்த அக்காகிட்டதான் இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் சாவிய ஆபீஸ்லயே மறந்துட்டு வந்து பூட்ட உடைச்சுக்கிட்டு இருந்தேன். மூணாவது பூட்டோட அலுத்துப் போய், "நீங்களே வச்சிருங்கக்கா"ன்னு குடுத்துட்டேன். என் நிர்வாகத் திறமை அப்பிடி.

போனா, குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, கழுத்துல மாவிலை கட்டியிருக்கு! எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல. ஆயுத பூஜைக்கு ஆராய்ச்சி மெஷினுக்கே பொட்டு வைக்கிற ஆபீஸ் எங்களுது.

அக்கா கண்ணுல படல. பூட்டு திறந்தே கெடந்துச்சு. மூடியத் தூக்கி எட்டிப் பாத்தேன்.

உள்ள என் மூஞ்சி தெரிஞ்சுச்சு.

தண்ணி வாய் வரைக்கும் நிக்குது! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பாடத்துல படிச்சதுதான், தண்ணி தன்னால பொங்கி மேல வர்ற ஆர்ட்டீசியன் ஊத்து! அதுவும் இந்தக் கருங்கல் பூமியில! கண்டுபிடிச்சது யாரு? நான்!

நாடாவைப் போட்ட இடத்துல போட்டுட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"சார்! தண்ணி வாய் வரைக்கும் வந்துருச்சு சார்! தன்னால பொங்குது சார்!"

எங்க ஆபீசர் அந்தப் பக்கம் நாற்காலிய விட்டு மறுபடியும் எந்திரிச்ச சத்தம் கேட்டுச்சு. "பேப்பர்காரரையும் கூட்டிக்கிட்டு வாரேன்யா."

போனை வச்சேன். பூத்துக்காரர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தார்.

"எங்க சார் தண்ணி பொங்குது?"

"பாக்கியம் அக்கா தோட்டத்துலண்ணே."

"அடியே! கொடத்த எடுடி!"

நான் திரும்பி வர்றப்ப எனக்குப் பின்னாடி அந்தத் தெருவே கொடத்தோட வந்துச்சு. ஊர்வலத்துக்கு நான்தான் தலைமை. தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா, பஞ்சாயத்துத் தண்ணி லாரி நிக்குது. அதுல இருந்து வர்ற டியூப்பை அரசாங்கக் குழாய்க்குள்ள விட்டுப் புடிச்சுக்கிட்டு, சேலைய இழுத்துச் செருகி நிக்கிறாங்க பாக்கியம் அக்கா.

"அக்கா! என்ன பண்றீங்க!"

"வாய் வரைக்கும்தான் நின்னுச்சு சார். மெட்ராஸ்ல இருந்து வர்றாங்கன்னு பஞ்சாயத்துல சொன்னாங்க, செத்த வழிஞ்சா இன்னும் எடுப்பா இருக்கும்னுதான்."

"இதுல எதுக்குக்கா தண்ணிய ஊத்துறீங்க!"

"நீங்கதான சார் சொன்னீங்க! இந்தக் குழாய்ல தண்ணி ஏறுனா ஊருக்கே தண்ணி ஏறுனதா அர்த்தம், எறங்குனா பேங்குல போர் போட லோன் தரமாட்டாங்கன்னு. அதான் ஏத்துறோம்."

"எப்ப இருந்து?"

"மாசா மாசம், நீங்க வர்றதுக்கு மொத நா. ரெண்டு மூணு கொடம். அதுக்கு மேல ஊத்துனா சந்தேகம் வந்துரும்ல?"

அங்கேயே உக்காந்துட்டேன். என் பாறை வெடிப்பு, என் அம்புக்குறி, என் கலர் பென்சில்! எல்லாம் மாசத்துக்கு ரெண்டு மூணு கொடம்!

அதுக்குள்ள ஜீப் வந்துருச்சு. எங்க ஆபீசர், மெட்ராஸ் அதிகாரி, நிருபர். கொடத்தோட நிக்கிற கூட்டத்தைப் பாத்து, தனக்குத்தான் பூரணகும்ப மரியாதைன்னு நினைச்சுக் கும்புட்டார் மெட்ராஸ் அதிகாரி. நேரா வந்து குனிஞ்சார். கையில அள்ளி வாயில விட்டார்.

"என்னது, பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்குதே?"

எங்க ஆபீசர் கண்ண இமைக்கல. "இந்தப் பக்கம் சுண்ணாம்புப் பாறை ஜாஸ்தி சார்."

"லாரித் தண்ணில்ல சார், அப்பிடித்தான் வாடை வரும்"னாங்க பாக்கியம் அக்கா, உதவியா.

லாரி முருங்கை மரத்துக்குப் பின்னாடி நின்னுச்சு. முருங்கை மரம் லாரிய மறைக்காது. அந்த ஆபீஸ்ல நானாக் கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான்.

எங்க ஆபீசர் என்னைக் காட்டிச் சட்டுன்னு சொன்னார். "சார், இவரு டெம்பரரி சார்."

மெட்ராஸ் அதிகாரி திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

"எப்பம்மா ஊத்துனீங்க?"

"விடியுறப்பவே சார்."

"இன்னும் எறங்கலையா?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, எறங்கவே இல்லேன்னா இந்தப் பாறையில வெடிப்பே இல்ல. நீங்க வரைஞ்ச படம் வெறும் கோலம். இனிமே யாரும் இதுல சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. தினமும் வந்து அளங்க. எறங்குச்சுன்னா படம் சரி, கையெழுத்துப் போடுறேன். எறங்கலேன்னா வேற வேலை பாத்துக்கங்க."

மறுநாள்ல இருந்து தினமும் அந்தக் குழாயடியில காவல். நாடாவை விட்டாப் போதும், நுனியிலயே நனையுது. ஒரு வாரம் ஆச்சு. ஒரு விரக்கடை எறங்கல! பாறைன்னா அப்பிடி ஒரு பாறை. பித்தளை அண்டாகூட அதுக்குள்ள ஒழுகியிருக்கும்.

கன்னத்துல கைய வச்சு உக்காந்திருந்தேன். பாக்கியம் அக்கா மோர் கொண்டு வந்து குடுத்தாங்க.

"ஏன் சார் மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு?"

"எறங்க மாட்டேங்குதுக்கா. எறங்குனாத்தான் வேலை பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனாத்தான் பொண்ணு."

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா!"

எத்தனை பட்டாலும் எனக்குப் புத்தி வராது. இதைச் சொல்லிட்டு, சாவியையும் வழக்கம்போல அவங்ககிட்டயே குடுத்துட்டு, நிம்மதியா பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் நாடாவை விட்டேன். போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு! பத்தடி! ஒரே நாள்ல பத்தடி எறக்கம்! விழுந்தடிச்சு பூத்துக்கு ஓடி ஆபீசருக்குச் சொன்னேன். "வெடிப்பு திறந்துருச்சுய்யா!"ன்னார் அவர். அடுத்த நிமிஷமே மெட்ராஸுக்குச் சொல்லிட்டார்.

கடையில கடலை மிட்டாய் வாங்கிக்கிட்டு அக்காகிட்ட ஓடினேன். அக்கா மணிக்கட்டுல வேப்பெண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க.

"கை ஓஞ்சு போச்சு சார். சின்னச் சொம்புல கயித்தக் கட்டி மோந்து மோந்து அம்புட்டையும் முருங்கைக்கு ஊத்திட்டேன். இது போதுமா, இன்னும் எறக்கணுமா?"

மிட்டாய அங்கேயே வச்சுட்டு மறுபடியும் பூத்துக்கு ஓட்டம்.

"சார், அது தன்னால எறங்கல சார். எறக்கிட்டாங்க சார்!"

"யோவ், மெட்ராஸுக்குச் சொல்லியாச்சு. ஒலகத்துல எல்லாத் தண்ணியையும் யாரோ ஒருத்தர் எறக்கித்தான் எறங்குது. போன வை."

அடுத்த மாசம் ரெண்டாவது தடுப்பணைக்கு அனுமதி வந்துச்சு. கூடவே எனக்கு பெர்மனென்ட் உத்தரவும் வந்துச்சு. நிலக்கோட்டை மாமா அதை வாங்கி, வெளிச்சத்துல புடிச்சு, முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டுத்தான் தேதி குறிச்சார்.

உத்தரவுல எங்க ஆபீசர் கையெழுத்து இருந்துச்சு, மெட்ராஸ் அதிகாரி கையெழுத்தும் இருந்துச்சு. நியாயப்படி போட்டிருக்க வேண்டிய பாக்கியம் அக்கா கையெழுத்தைத்தான் காணோம்.