எழுதாதீர்கள் என்று எழுதியவன்

எச்சரிக்கைப் பலகை வைத்தால் ஆபத்து ஓடிப்போகும் என்று நம்புகிற ஆட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒருவனுக்கு வெப்சைட் செய்யவும் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூரில் துணி மடித்து, சென்னையில் பார்சல் சுமந்து, ஓசூரில் காய்ச்சலில் கிடந்து, (நடுவில் எப்படியோ) வீடியோ பார்த்து வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டு, குத்தாலத்தில் அக்கா வீட்டில் வந்து விழுந்தேன். அத்தானிடம் நெல் அறுக்கும் மெஷின் இருந்தது. யார் வயலில் முதலில் இறங்குவது என்று போனில் தினமும் சண்டை. விவசாயிகளே முறை பதிந்துகொள்ள ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். பதிவுக்கான பிளக்-இன் (வெப்சைட்டில் ஒட்டவைக்கிற ரெடிமேட் துண்டு) இலவசமாகக் கிடைத்தது. அதன் பட்டன்களை நானே கைவைத்துத் தமிழாக்கினேன்.

குறுவை அறுவடை நடுவில் பிளக்-இன் செய்தவர்களிடமிருந்து மெயில் வந்தது. பெயர் எழுதும் பெட்டியில் டேட்டாபேஸுக்கான கட்டளையை எழுதினால் அது அப்படியே நிறைவேறிவிடும், மொத்தப் பதிவும் அழியலாம், உடனே அப்டேட் செய்யுங்கள் என்றது. உதாரணத்துக்கு ஒரு வரியும் இருந்தது. அப்டேட் செய்தால் என் தமிழ் பட்டன்கள் போய்விடும். (மனசு வரவில்லை.) அதனால் பெட்டிக்கு மேலே சிவப்பில் ஒரு அறிவிப்பு வைத்தேன்: கீழே உள்ள வரியை யாரும் இங்கே எழுத வேண்டாம். பெட்டிக்குக் கீழே, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று, அந்த வரி.

மறுநாள் காலை பதிவு ஒன்றுகூட இல்லை. பேக்கப் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் கூட்டம், ஆளாளுக்குத் தன் முறைதான் முதல் என்றார்கள். யார் குரல் பெரிதோ அவர் வயலுக்கு மெஷின் போக ஏற்பாடானது.

அன்று உண்மையில் முறை வளர்மதி அக்காவுக்கு. குத்தகை நிலத்தில் தனியாளாகப் பயிர் செய்பவர். போனை நீட்டியபடி முன்னால் வந்தார்.

"நான்தான் அழிச்சிட்டேன் போலருக்கு தம்பி. நேத்து ராத்திரி என் முறைய ஒருக்கா பாத்துக்கலாம்னு போனேன், கண்ணாடி இல்ல. பெட்டிக்குக் கீழ ஒரு வரி இருந்துச்சு, அதைத்தான் போடணும்னு எடுத்து ஒட்டிட்டேன்."

"படிச்சுப் பாக்க வேணாமா?" என்று அத்தான் அவரிடம் எரிந்து விழுந்தார்.

மெயில் வந்தது, ஓட்டை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. மெஷினின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மழை. அவர் நெல் தண்ணீரில் படுத்துவிட்டது. மெஷின் இறங்க வழியில்லை. தண்ணீர் வடிந்ததும் அரிவாளோடு போய் அவரோடு சேர்ந்து அறுத்தேன். முளைவிட்டது போக மிஞ்சியதுதான் களத்துக்கு வந்தது. அந்தச் சேற்றில் நின்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அறுப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு எல்லாரும் நின்னப்ப சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அப்புறம் அத்தானிடமும் சொன்னேன். இன்றும் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது அக்கா, "சாவி வைக்கிற இடத்தை இவங்கிட்ட சொல்லாதீங்க. இங்கே தேடாதீர்கள்னு அம்பு போட்டு எழுதி மாட்டிடுவான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

அப்டேட் செய்த வெப்சைட் ஒழுங்காக ஓடுகிறது. வளர்மதி அக்கா மட்டும் அதைத் தொடுவதில்லை. அறுவடை வந்தால், வாசலில் நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, என் முகத்துக்கு நேரே சத்தமாகத் தன் முறையைச் சொல்லிவிட்டுப் போகிறார்.