டிக்கியில் மாமனார்

மாமனாரைப் பின்சீட்டில் உட்கார வைப்பதா, டிக்கியில் படுக்க வைப்பதா என்று லியெனால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மனிதர் இறந்து பதினோரு வருஷமாகிறது. இப்போது அவர் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பார்வையில் எந்தக் குறைச்சலும் வந்துவிடவில்லை. உயிரோடு இருந்தபோது குழம்பில் உப்பு கூடினால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படியேதான் பார்த்தார்.

முதலில் பின்சீட்டில்தான் வைத்தாள். பெல்ட்டும் போட்டுவிட்டாள். குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போன எதிர்வீட்டு ஆப்கான்காரர், யாரோ பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, மார்பில் கைவைத்துக் குனிந்தார். லியெனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் உள்ளே போனதும் படத்தை எடுத்து டிக்கியில், ஸ்டெப்னிக்கு மேலே துண்டு விரித்து வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. கோயில் வரைக்குந்தான்."

இவ்வளவுக்கும் காரணம் டெரிக். டெரிக் வீட்டு ஏஜென்ட். இந்த ஸ்பிரிங்வேல் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுடைய அம்மாவும் லியெனும் ஒரு காலத்தில் ஒரே தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்தவர்கள். அந்த உரிமையில் அவன் லியெனை ஆன்ட்டி என்பான். அதே உரிமையில் அவள் வீட்டையும் தலைகீழாகப் புரட்டிப்போட்டான்.

"இந்த ஊர்ல இப்ப வீடு வாங்கறது யாரு சொல்லுங்க ஆன்ட்டி" என்றான், செவ்வாய்க்கிழமை வந்தபோது. "நம்ம வியட்நாம் ஆளுங்க மட்டுமா? ஹைதராபாத்காரன் வாங்கறான், ஆப்கான் வாங்கறான், கம்போடியாக்காரன் வாங்கறான், சூடான்காரன் வாங்கறான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சாமி, ஒரு மணம். அதனால உங்க வீடு யாரோட வீடு மாதிரியும் தெரியக் கூடாது. அந்தப் படம், ஊதுபத்தி, பழத்தட்டு எல்லாம் போயிடணும். வியாழக்கிழமையிலேர்ந்து சமைக்கவும் கூடாது."

"மீன் கூடவா?"

"மீனைப் பத்தி நினைக்கக்கூடக் கூடாது."

அவன் அனுப்பிய அலங்காரக்காரி புதன்கிழமை ஒரு லாரி நிறைய வாடகைச் சாமானோடு வந்தாள். வெள்ளை சோபா, வெள்ளைக் கம்பளம், ஒரு கிண்ணம் நிறையப் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். மாமனார் இருந்த பூசை அலமாரி சைகோனிலிருந்து கப்பலில் வந்தது. அதை மூன்று ஆட்கள் சேர்ந்து தள்ளியும் அசைக்க முடியவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதன் மேல் ஒரு விளக்கையும் ஒரு படத்தையும் வைத்துவிட்டுப் போனாள் அவள். படத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா இவரு?" என்று, வேலையைப் பார்க்க வந்த டெரிக்கிடம் கேட்டாள் லியென்.

"யாரும் இல்லை ஆன்ட்டி. வாடகைப் படம்."

"இப்படிச் சிரிக்கிறாரே."

"அதுக்குத்தான் வாடகை."

"அப்ப வெள்ளைக்காரன் வீடு மாதிரி மட்டும் தெரியலாமா?"

"வெள்ளைக்காரன் வீடு யார் வீடும் இல்லை ஆன்ட்டி. அது சும்மா வீடு" என்றான் டெரிக்.

மகள் இருக்கும் ஜீலாங் பக்கம் சின்னதாக ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இது விற்றால்தான் அது. லியென் மாமனாரைத் தூக்கித் துணி அலமாரிக்குள் வைத்தாள். வருகிறவர்கள் அலமாரியையெல்லாம் திறந்து பார்ப்பார்கள் என்றான் டெரிக். துணி துவைக்கும் அறைக்குக் கொண்டுபோனாள். அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றான். அங்கே சலவை இயந்திரத்தின் மேல் மாமனார் ஐந்து நிமிஷம் இருந்தார். இயந்திரம் அப்போது ஓடிக்கொண்டிருந்ததால் லேசாக ஆடிக்கொண்டும் இருந்தார். அதைப் பார்த்த வெட்கத்தில் அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் எதையும் அவள் கணவன் துவானிடம் சொல்லவில்லை. துவானுக்கு ரொட்டி ஆலையில் வேலை, விடிவதற்கு முன்பே போய்விடுவான். அப்பாவைக் கோயிலில் விட்டிருக்கிறேன், பிக்கு ஐயாவே பார்த்துக்கொள்கிறார் என்று அவனிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள்.

பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்றுதான் சனிக்கிழமை காலையில் கிளம்பினாள். அன்று ஏழாம் மாதப் பௌர்ணமி. ஊரில் இருக்கிற எல்லா வீட்டுச் செத்தவர்களுக்கும் சாப்பாடு வைக்கிற நாள். மாமனார் இறந்ததும் அதே நாளில் என்பதால் அவருக்கு இரட்டை மரியாதை. உச்சிப்பொழுதில், சூடாக, அவருக்குப் பிடித்ததை வைத்து, மூன்று ஊதுபத்தி ஏற்ற வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு தடவை தவறியதில்லை. விடியற்காலையிலேயே கொல்லைப்புறத்தில் தூறலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, கையடக்க அடுப்பில் மண்சட்டி மீனும் பாகற்காய் சூப்பும் செய்து தூக்கில் அடைத்துவிட்டாள்.

வீட்டைப் பத்து மணிக்குக் காட்டுவதாகத்தான் முதலில் பேச்சு. முதல் நாள் சாயங்காலம் டெரிக் போன் பண்ணி, பதினொன்றே முக்கால் என்று மாற்றிவிட்டான்.

"பௌர்ணமி அன்னைக்கு உச்சிப்பொழுதுலயா?" என்றாள் லியென்.

"அதுக்கப்புறம் அடுத்த தெருவுலயும் எனக்கு ஒரு வீடு இருக்கு ஆன்ட்டி. ஒண்ணை முடிச்சுட்டு ஒண்ணுக்கு ஓடணும். நீங்க மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டாதீங்க. வீட்டுக்காரங்க நின்னா வர்றவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க."

கோயில் தெருவில் ஈ நுழைய இடமில்லை. பௌர்ணமி, அதுவும் சனிக்கிழமை. காரை நிறுத்த இடம் தேடி நான்கு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொரு வளைவிலும் டிக்கிக்குள் மாமனார் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சரிகிற சத்தம் கேட்டது. ஐந்தாவது சுற்றில் மணி பதினொன்றரை. போதும் என்று திரும்பிவிட்டாள். தன் தெருவிலேயே, வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளி, சாம்பல் நிற டொயோட்டாக்கள் வரிசையாக நின்ற இடத்தில் தன் சாம்பல் நிற டொயோட்டாவையும் சொருகினாள். மாமனார் கட்டின வேலியாவது அவர் கண்ணில் படட்டும் என்று நினைத்தாள்.

அப்போது துவானின் போன் வந்தது.

"அப்பாவுக்கு வெச்சாச்சா?"

"இதோ, வைக்கத்தான் போறேன்."

"கோயில்ல கூட்டமா?"

"அவரு தனியாத்தான் இருக்காரு. நல்ல இடம்."

"காப்பியில ஐஸ் போட மறந்துடாத. போன வருஷம் மறந்துட்ட."

சரி என்று போனை வைத்தாள். மாமனாரிடம் பொய் சொன்னதற்கு ஒரு வெட்கம், அவர் மகனிடம் சொன்னதற்கு ஒரு வெட்கம், ஐஸை இந்த வருஷமும் மறந்ததற்குத் தனியாக ஒரு வெட்கம்.

டிக்கியைத் திறந்து படத்தைச் சரிவாக நிமிர்த்தி வைத்தாள். தூக்கைப் பிரித்துப் பரப்பினாள். ஒரு டப்பாவில் அரிசி நிரப்பி அதில் மூன்று ஊதுபத்தியைக் குத்திக் கொளுத்தினாள். கைகூப்பிக் கண்ணை மூடுவதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"வீடு பார்க்கவா வந்தீங்க?"

ஒரு நெடிய மனிதர், கூடவே மனைவி. பெயர் டெங், சூடான்காரர், பேருந்து ஓட்டுகிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போதைக்கு லியென் செய்தது ஒன்றே ஒன்று. டிக்கியைப் படாரென்று சாத்தினாள்.

"ஆமா" என்றாள். வேறு என்ன சொல்வது, காருக்குள் மாமனாருக்குச் சாப்பாடு போடுகிறேன் என்றா?

"வாங்க, சேர்ந்தே போகலாம்" என்றார் டெங். அப்படியாக லியென் தன் வீட்டைப் பார்க்கத் தானே போனாள்.

வாசலில் பட்டியலும் பேனாவுமாக நின்ற டெரிக்கின் முகம் அவளைப் பார்த்ததும் மாவாக வெளுத்தது. சுற்றிலும் ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு, "பேர் சொல்லுங்க மேடம்" என்றான்.

"லியென்."

"செருப்பைக் கழட்டிட்டுப் போங்க. வெள்ளைக் கம்பளம்."

கழற்றினாள். இடதுகால் உறையில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை, கட்டைவிரல் அதன் வழியே எட்டிப்பார்த்தது. முப்பது ஜோடிச் செருப்பைத் தாண்டி, சொந்த வீட்டுக்குள் விரலை மடக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

உள்ளே ஹைதராபாத் தம்பதி கைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, கழிப்பறை வடகிழக்கில் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு கம்போடியா அம்மாள், வெளியே இரண்டாவது சமையலறை இல்லாத வீடு ஒரு வீடா என்று மகளிடம் நொடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் வேடிக்கை பார்க்க வருகிற கிரேக்கக் கிழவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"புதுப் பெயின்ட்டு. இவங்க எதையோ மறைக்கிறாங்க" என்றார்.

லியென் பூசை அலமாரிப் பக்கம் நகர்ந்தாள்.

பூசை அலமாரியின் முன்னால் பஞ்சு வைத்த ஊதாக் குளிர்ச்சட்டை போட்ட ஒரு வயதான அம்மாள் நின்றாள். வியட்நாம்காரிதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவருக்கு முன்னால் வைத்தாள். பிறகு கைகூப்பி மூன்று தடவை குனிந்தாள்.

"இந்த வீட்டுப் பெரியவர் போல" என்றாள் லியெனைப் பார்த்து. "நல்ல களையான முகம். சந்தோஷமாப் போய்ச் சேர்ந்திருக்கார்."

"அப்படித்தான் இருக்கும்."

"நீயும் ஒரு கும்பிடு போடும்மா. பௌர்ணமி நாள். அடுத்தவங்க வீட்டுக்குள்ள கால் வெச்சா பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாகப் பன்னிரண்டு. பின்னால் டெரிக் கண்ணாலேயே கெஞ்சினான். லியென் கைகூப்பினாள். மாமனார் நின்ற இடத்தில், மாமனாருடைய நாளில், மாமனாருடைய நேரத்தில், வாடகைக்குச் சிரிக்கிற ஒருவருக்கு முன்னால் மூன்று தடவை குனிந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இதைவிடக் கேவலம் இனி ஒன்று வர முடியாது என்று நினைத்தாள்.

"பாத்தியா, வெள்ளைக்காரங்களுக்கு அப்பா படத்தை நடு வீட்டுல வைக்கத் தோணுது" என்றாள் ஊதாச் சட்டை அம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "நம்ம ஆளுங்கதான் வீட்டை விக்கணும்னு வந்துட்டா பெரியவங்களக் கண்ணுல படாம ஒளிச்சு வெச்சுடறாங்க. வெக்கங்கெட்ட சனம்."

லியெனுக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. இந்த அம்மாளுக்கு விஷயம் தெரியுமோ? ஊதுபத்தி வாசனை தன் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ? கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"கார்லேர்ந்து புகை வருது. சாம்பல் கலர் டொயோட்டா. டிக்கியிலேர்ந்து வருது."

வீடு பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் வெளியே ஓடியது. பாதிப் பேர் அடுத்தவர் செருப்பில் ஓடினார்கள். லியென் எந்தச் செருப்பும் இல்லாமல், ஓட்டைக் காலுறையோடு, ஈரத் தெருவில் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். டெங் தன் வண்டியிலிருந்து சிவப்புத் தீயணைப்பு உருளையை எடுத்துக்கொண்டு வந்தார். புகையின் நடுவே எந்த வண்டி என்று தெரியவில்லை. வரிசையாக ஆறு சாம்பல் டொயோட்டாக்கள்.

"யார் கார்?" என்று கேட்டார்.

டெரிக் தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினான். லியென் அவனைப் பார்த்தாள். பிறகு டிக்கியைப் பார்த்தாள். உள்ளே மாமனார் எரிந்துகொண்டிருக்கிறார். வீடு விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன.

"என் கார்" என்றாள். "அந்த வீடும் என் வீடுதான். உள்ள சிரிக்கிறவரு யாருன்னு எனக்குத் தெரியாது. என் மாமனார் இதுக்குள்ள இருக்காரு. இன்னைக்கு அவர் செத்த நாள். வீட்டுக்குள்ள சோறு வெச்சா வீடு விலைபோகாதுன்னு நான்தான் அவரை டிக்கியில வெச்சேன்."

ஹைதராபாத் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஆப்கான்காரர், காலையில் தான் வணங்கியது யாரை என்று இப்போதுதான் புரிந்தவராக, மறுபடியும் மார்பில் கையை வைத்தார்.

லியென் டிக்கியைத் திறந்தாள்.

புகை இல்லை. படாரென்று சாத்தியதில் மூன்று ஊதுபத்தியும் அப்போதே அணைந்து போயிருந்தன. மீன் ஆறிக் கிடந்தது. மாமனார் உப்புக் கூடின முகத்தோடு அவளையே பார்த்தார்.

"அப்ப இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார் டெங்.

எல்லாரும் திரும்பினார்கள். அடுத்து நின்ற டொயோட்டாவின் டிக்கி விரலளவு திறந்திருந்தது. அந்த இடுக்கிலிருந்து புகை நிதானமாக, மணமாக, வந்துகொண்டிருந்தது. டெங் உருளையின் குழாயை அந்த இடுக்குக்கு நேரே நீட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யாருடையதோ பெரிய ஷூவை மாட்டிக்கொண்டு, ஊதாச் சட்டை அம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அடிச்சுடாதீங்க தம்பி, உள்ள என் வீட்டுக்காரர் இருக்காரு. எங்க வீட்டையும் இன்னைக்கு ஒரு மணிக்கு ஆள் பார்க்க வர்றாங்க."