கண்ணாடியில் பட்டு வரட்டும்!

பேடல் என்பது கண்ணாடிச் சுவர்களுக்குள் ஆடும் டென்னிஸ்; தரையில் குதித்துச் சுவரில் பட்டு வரும் பந்தையும் அடிக்கலாம். அதை ஆட நாலு பேர் போதும் என்பார்கள். எங்கள் அல்பசேத்தே ஊர்க் கிளப்பில் ஐந்து பேர் ஆடுகிறார்கள்: மட்டையோடு நாலு பேர், ஐந்தாவதாக அவர்களில் ஒருவருடைய வாய். அந்த வாய்க்குச் சொந்தக்காரர்தான் ரிட்டர்ன் வாத்தியார். எதிரி போடும் சர்வைத் திருப்பி அடிப்பது எப்படி என்று, அடிக்கப்போகும் கூட்டாளிக்கு அந்த நொடியில் பாடம் எடுப்பவர்.

நான் அவரை முதலில் பார்த்தது வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து. சர்வ் போடப் பந்தைத் தட்டினேன்.

"மாப்ளே, முட்டிய மடக்கு! பந்தப் பாரு! அவசரப்படாதே, கண்ணாடியில பட்டு வரட்டும்!"

கத்தியவர் எவரிஸ்தோ. மாப்பிள்ளை லியோன்சியோ, அவர் தங்கை ரெமேதியோஸின் கணவர், முட்டியை மடக்கினார், பந்தைப் பார்த்தார், அவசரப்படாமல் நின்றார். பந்து போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கல்லூரியில் நாலு வருஷத்தில் கேட்காத விரிவுரைகளை அந்த ஒரு செட்டில் கேட்டேன். சரி, வாத்தியாருடைய ரிட்டர்னே வலையில் விழுந்தால்? மட்டையின் குற்றம், தரையில் தூவிய மணலின் குற்றம், கண்ணில் அடிக்கும் வெயிலின் குற்றம். கூரை போட்ட களத்தில்!

லீக் பருவத்தின் கடைசி ஆட்டத்திலும் எங்கள் ஜோடியும் அவர்கள் ஜோடியும்தான் எதிரெதிர். தோற்றால் அவர்கள் நாலாம் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

"மச்சான், இன்னைக்கு இறங்கினோம்னா அடுத்த வருஷம் உன் தங்கச்சியோடதான் ஆடுவேன்" என்றார் லியோன்சியோ.

"அவளுக்கு ரிட்டர்ன் எடுக்கத் தெரியாதேடா!"

"பேசாம இருக்கத் தெரியுமே."

மூன்றாவது செட்டில் நாங்கள் ஐந்து, அவர்கள் நான்கு. என் சர்வில் நாற்பதுக்கு நாற்பது. அதற்குமேல் ஒரே ஒரு புள்ளி, தங்கப் புள்ளி. அது எங்களுக்கு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த சர்வை இருவரில் யார் எடுப்பது என்பதை அவர்களே சொல்லலாம். வழக்கமாக எவரிஸ்தோ, "நீ எடு மாப்ளே, கை பழகட்டும்" என்பார்.

அன்று லியோன்சியோ முந்திக்கொண்டார். "நீ எடு மச்சான். வரட்டும் வரட்டும்னியே, இந்தா வருது."

களத்தில் முதல்முறையாக அமைதி. போட்டேன். எவரிஸ்தோ முட்டியை மடக்கினார். பந்தைப் பார்த்தார். அவசரப்படவே இல்லை. பந்து கண்ணாடியில் பட்டு, சமர்த்தாகத் திரும்பி வந்து, அவர் காலடியில் இரண்டாம் முறை குதித்தது. மட்டையை வீச வேண்டும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

"கொஞ்சம் தாழ்வா வந்துச்சுல்ல?" என்றார். லியோன்சியோ மட்டையை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அது இருக்கட்டும். அந்தக் கடைசிப் பந்தைப் படிக்கையில், 'ஒரு அடி பின்னால் நின்றிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? பேடல் மட்டையைத் தொட்டே இராத உங்களுக்கு?

லியோன்சியோவும் ரெமேதியோஸும் இப்போது கலப்பு இரட்டையரில் இரண்டாம் பிரிவில் இருக்கிறார்கள். எவரிஸ்தோ சனிக்கிழமை காலைகளில் அவர்கள் ஆடும் மூன்றாம் களத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று வாயசைக்கிறார். பக்கத்தில் உங்களுக்கும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.